தானே நீர் ஊற்றும் நாற்றுத்தொட்டி: கோளாறுகளும் தீர்வுகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கே பேசப்படும் அமைப்பு எளிமையானது. ஆர்டுயினோ ஊனோ அல்லது அதுபோன்ற, நிரல் ஏற்றி ஓட்டும் ஒரு சிறு மின்னணு போர்டு, மண்ணில் செருகும் ஈரப்பத சென்சார், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக ஓடும் 5 வோல்ட் குட்டி பம்ப், நிலையைக் காட்ட ஓர் எல்இடி, விரும்பினால் ஒரு வெப்பநிலை சென்சார். இவற்றோடு விதை போட்ட ஒரு தொட்டி. மண் காய்ந்தால் பம்ப் ஓட வேண்டும், நனைந்தால் நிற்க வேண்டும். கேட்க எளிது. முதல்முறை செய்பவருக்கு ஏதாவது ஓரிடத்தில் நின்றுவிடும். அப்படி நிற்கும் இடங்களைத்தான் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம்.

எதுவுமே சரியாக வேலை செய்யவில்லை. எங்கே தொடங்குவது?

தொட்டியையும் சர்க்யூட்டையும் பிரித்து வைப்பதில் தொடங்குங்கள். பம்பின் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்து ஒரு காலிப் பாத்திரத்தில் விடுங்கள். சென்சாரை மண்ணிலிருந்து உருவித் துடைத்து மேசையில் வையுங்கள். கோளாறு தீரும்வரை விதைகளுக்கு நீங்களே கையால் நீர் தெளியுங்கள்.

இதை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கம்பியில் உள்ள தவறு சில நொடிகளில் தெரிந்துவிடும். விதைக்கு நேர்ந்த கெடுதல் வெளியே தெரிய ஒரு வாரம்கூட ஆகும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு சோதனை செய்தால், இன்று நீங்கள் சர்க்யூட்டில் செய்த தவறுக்கு அடுத்த வாரம் நாற்று அழுகும். அப்போது எதனால் அழுகியது என்று யாராலும் சொல்ல முடியாது. முளைக்கும் விதைக்குத் திரும்ப முயலும் வாய்ப்பு கிடையாது. அதைச் சோதனைக் களமாக்காதீர்கள்.

கணினியில் போர்டு தெரியவே இல்லையே?

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பல கேபிள்கள் சார்ஜ் போடுவதற்கு மட்டும் செய்யப்பட்டவை. தரவு செல்லும் இரண்டு கம்பிகள் அவற்றின் உள்ளே இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினிக்கு மட்டும் எதுவும் தெரியாது. கைபேசியிலிருந்து கோப்புகளை மாற்றப் பயன்பட்ட கேபிள் என்றால் நம்பலாம்.

கேபிள் சரியென்றால் டிரைவரை (போர்டைக் கணினி அடையாளம் காண உதவும் மென்பொருள்) பாருங்கள். அசல் அல்லாத பல போர்டுகளில் யுஎஸ்பி இணைப்புக்கு சிஎச்340 என்ற சிப் இருக்கும். சில கணினிகளில் அதற்குத் தனி டிரைவர் நிறுவ வேண்டும். பிறகு நிரல் எழுதும் மென்பொருளில் போர்டின் வகையும், அது இணைந்துள்ள போர்ட்டும் (கணினியின் இணைப்பு வாயில்) சரியாகத் தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். போர்டு தெரிகிறது, ஆனால் நிரல் ஏறவில்லை என்றால் 0, 1 ஆகிய பின்களில் (போர்டின் ஓரத்தில் கம்பி செருகும் இணைப்பிடங்கள்) ஏதாவது கம்பி செருகியிருக்கிறதா பாருங்கள். நிரல் ஏறுவதே அந்த இரண்டின் வழியாகத்தான்.

எல்இடி எரியவில்லை.

நீளமான கால் பிளஸ் பக்கம், குட்டையான கால் கிரவுண்டு (மைனஸ்) பக்கம். கால்களை வெட்டியிருந்தால் எல்இடியின் அடிவிளிம்பைப் பாருங்கள். தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ். தலைகீழாகச் செருகினால் எரியாது, பெரும்பாலும் கெட்டும் போகாது. திருப்பிச் செருகினால் போதும்.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாகச் செருகியிருந்தால் எல்இடியோ பின்னோ போயிருக்கலாம். கணக்கு இதுதான்: சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட்டில் மீதி 3. அதை 220 ஓம் ரெசிஸ்டர் தாங்கினால் ஓடும் மின்னோட்டம் 14 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. எல்இடிக்கும் போர்டுக்கும் அது பாதுகாப்பான அளவு.

பிரெட்போர்டில் (சாலிடர் செய்யாமல் கம்பிகளைச் செருகும் துளைப்பலகை) எல்லாம் சரியாகச் செருகியிருக்கிறேன். ஆனாலும் ஒரு பாதிக்கு மின்சாரம் வரவில்லை.

நீளமான பிரெட்போர்டு சிலவற்றில், ஓரத்தில் ஓடும் பிளஸ், மைனஸ் வரிசைகள் நடுவில் துண்டாகியிருக்கும். கோடும் அங்கே விட்டுப்போயிருப்பதைப் பார்க்கலாம். ஒரு சின்னக் கம்பியால் இரு பாதியையும் இணைத்துவிடுங்கள். உள்வரிசைகளில் ஐந்து துளைகள் மட்டுமே ஒன்றோடொன்று சேர்ந்தவை. நடுப்பள்ளத்தைத் தாண்டி இணைப்பு கிடையாது.

தொட்டால் வேலை செய்கிறது, விட்டால் நிற்கிறது என்றால் கம்பியின் முனையோ துளையின் பிடிப்போ தளர்ந்திருக்கிறது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, கம்பியின் இரு முனையையும் தொட்டபடி கம்பியை ஆட்டிப் பாருங்கள். ஒலி விட்டுவிட்டு வந்தால் அந்தக் கம்பியைத் தூக்கி எறியுங்கள். "இன்னொருமுறை பார்க்கலாம்" என்று அதைப் பெட்டியில் திரும்பப் போடுவதுதான் அடுத்த மாதத் தலைவலிக்கு விதை.

சென்சார் எண் தன்பாட்டில் ஏறி இறங்குகிறது. அல்லது 0, 1023 என்று நின்றுவிடுகிறது.

எண் அலைபாய்ந்து, நீங்கள் கம்பியருகே கை கொண்டுபோனாலே மாறினால், அந்த அனலாக் பின்னில் (மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையான எண்ணாக அளக்கும் பின்) உண்மையில் எதுவும் இணைந்திருக்கவில்லை. கம்பி பக்கத்துத் துளையில் இருக்கும், அல்லது நிரலில் ஏ0 என்று எழுதிவிட்டு ஏ1-இல் செருகியிருப்பீர்கள். 0 என்று நின்றால் சென்சாருக்கு மின்சாரம் போகவில்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம். 1023 என்றால் சிக்னல் கம்பி 5 வோல்ட்டோடு எங்கோ சேர்ந்திருக்கலாம், அல்லது சென்சாரின் கிரவுண்டு விட்டுப்போயிருக்கலாம். சில சென்சார்கள் முழுக்க உலர்ந்த நிலையில் இயல்பாகவே அந்த எண்ணருகே நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு டம்ளர் நீரில் முனையை நனைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதன் அனலாக் பின்கள் இரண்டு குழுக்களாக உள்ளன. வைஃபை ஓடும்போது இரண்டாம் குழுவின் பின்களில் அளவு எடுக்க முடியாது. 32 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு மாற்றுங்கள். அதில் எண் 4095 வரை போகும். அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா.

எந்த எண் வந்தால் மண் காய்ந்தது என்று வைத்துக்கொள்வது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். யாரோ தந்த எண்ணை அப்படியே நிரலில் போடுவதால்தான் பாதிப் பிரச்சினைகள் வருகின்றன. உங்கள் சென்சார், உங்கள் மண், உங்கள் தொட்டி மூன்றும் சேர்ந்து தரும் எண் வேறு எவருக்கும் பொருந்தாது.

முதலில் திசையைக் கண்டுபிடியுங்கள். கெப்பாசிட்டிவ் வகை சென்சாரில் (உலோகம் வெளியே தெரியாத, பூச்சிட்ட பலகை) ஈரம் கூடினால் எண் குறையும். இரண்டு உலோகக் கால்கள் கொண்ட வகையில், கூடவே வரும் சின்ன போர்டு எப்படி அமைந்திருக்கிறதோ அதைப் பொறுத்து ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். துடைத்த சென்சாரைக் காற்றில் பிடித்து ஓர் எண், நீரில் முக்கி ஓர் எண். திசை தெரிந்துவிட்டது.

அந்த இரண்டையும் எல்லையாக வைத்துக்கொண்டு நடுவில் கோடு கிழித்துவிடக் கூடாது. மண் ஒருபோதும் டம்ளர் நீரைப்போல நனையாது, காற்றைப்போலக் காயவும் காயாது. தொட்டிக்கு நன்றாக நீர் ஊற்றி, அடித்துளை வழியே வடிந்து முடிக்கும்வரை விடுங்கள். இப்போது வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். இதுதான் 'நிறைவு'. பிறகு பம்பை இணைக்காமல், தினமும் ஒரு வேளை எண்ணைக் குறித்து, கூடவே விரலை மண்ணில் ஒரு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையையும் உணருங்கள். "இனி நீர் வேண்டும்" என்று விரலும் கையும் சொல்லும் நாளில் வரும் எண்தான் உங்கள் 'காய்ந்தது'. இதற்கு மூன்று நான்கு நாள் ஆகலாம். இந்த நாட்களை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். மொத்த வேலையிலும் மிக முக்கியமான பகுதி இதுவே.

மண்ணை மாற்றினால் எண்ணும் மாறும். தென்னை நார்த்தூளில் காற்றிடைவெளி அதிகம். சென்சார் முகத்தோடு அது ஒட்டாவிட்டால் உண்மையைவிடக் காய்ந்ததாகக் காட்டும். செருகியபின் சுற்றிலும் லேசாக அழுத்திவிடுங்கள். உரம் கரைத்து ஊற்றினால் உலோகக் கால் சென்சார், மண் கூடுதலாக நனைந்ததாகச் சொல்லும். அது அளப்பது மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதை மட்டுமே, உப்பும் அதை எளிதாக்கும்.

சென்சாரின் கால்கள் கறுத்து, அரித்துப் போயின. தரம் குறைந்ததா?

தரமும் ஒரு காரணமாகலாம். ஆனால் முக்கியக் காரணம் அதை இரவு பகலாக மின்சாரத்தில் வைத்திருப்பது. ஈர மண்ணில் இரண்டு உலோகக் கால்களுக்கிடையே ஒரே திசையில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் மின்பகுப்பு நடக்கும். பிளஸ் பக்கத்துக் கால் கரைந்து மண்ணில் கலக்கும். சில வாரங்களில் கால் போய்விடும். கரைந்த செம்பும் அந்தச் சிறிய தொட்டியிலேயே தங்கும். அளவு கூடினால் செம்பு இளவேர்களுக்குக் கெடுதல்.

தீர்வு எளிது. சென்சாரின் பிளஸ் கம்பியை 5 வோல்ட்டில் செருகாமல் ஒரு டிஜிட்டல் பின்னில் செருகுங்கள். அளவு எடுக்கும்போது மட்டும் அந்தப் பின்னை உயர்த்தி (5 வோல்ட் தரச் செய்து), கால் நொடி காத்து, எண்ணைப் படித்து, உடனே தாழ்த்திவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை படித்தால் போதும். மண் அதைவிட வேகமாக மாறாது.

புதிதாக வாங்குவதாக இருந்தால் கெப்பாசிட்டிவ் வகையையே வாங்குங்கள். அதில் உலோகம் மண்ணைத் தொடாது.

கெப்பாசிட்டிவ் சென்சார்தான் வைத்திருக்கிறேன். அதுவும் சில வாரங்களில் தவறாகக் காட்டுகிறது.

அதன் பலகையின் வெட்டு விளிம்புகள் பூச்சு இல்லாமல் இருக்கும். அந்த வழியே நீர் ஊறிவிடும். புதிதாக இருக்கும்போதே விளிம்பு முழுக்க நகப்பூச்சு இரண்டு முறை பூசிக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். மேலே குறிக்கப்பட்ட கோட்டைத் தாண்டிப் புதைக்காதீர்கள். கோட்டுக்கு மேலே உள்ள சிப், இணைப்பான் எதுவும் நீர் தாங்கா.

3.3 வோல்ட் போர்டில் இணைத்து எண் அசையவே இல்லை என்றால் சென்சாரில் உள்ள டைமர் சிப்பின் பெயரைப் படியுங்கள். டிஎல்சி555 என்றால் குறைந்த வோல்ட்டிலும் ஓடும். என்இ555 என்றால் 4.5 வோல்ட்டாவது வேண்டும். ஆனால் இந்த வகைச் சென்சார்களில் பல, உள்ளே வரும் மின்சாரத்தை முதலில் 3.3-க்குக் குறைத்துவிட்டே சிப்புக்குத் தருகின்றன. அவற்றில் என்இ555 இருந்தால் எவ்வளவு கொடுத்தும் நம்பகமான எண் வராது. மாற்றுவதே வழி.

பம்ப் ஓடத் தொடங்கியதும் போர்டு அணைந்து மறுபடி தொடங்குகிறது. ஏன்?

பம்ப் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தால் வோல்ட் சரிந்து போர்டு மயங்கிவிடுகிறது. குட்டி பம்ப் ஓடும்போது 100 முதல் 200 மில்லிஆம்பியர் வரை எடுக்கும். அசைவற்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அதைவிடப் பல மடங்கு கேட்கும். ஊனோவின் ஒரு பின் தருவதற்குப் பாதுகாப்பான அளவு 20 மில்லிஆம்பியர், 40-ஐத் தாண்டவே கூடாது. எனவே பம்பை நேராகப் பின்னில் இணைத்திருந்தால் இப்போதே கழற்றுங்கள். அந்தப் பின் இன்னும் உயிரோடு இருந்தால் அதுவே நல்வாய்ப்பு.

பம்புக்குத் தனி மின்சாரம் கொடுங்கள். மூன்று ஏஏ பேட்டரிகளோ தனியான 5 வோல்ட் அடாப்டரோ போதும். ரிலே அல்லது லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் (போர்டின் சிக்னலாலேயே திறந்து மூடும் மின்னணு சுவிட்ச்) நடுவில் நின்று திறந்து மூடட்டும். மாஸ்ஃபெட் என்றால் பம்பு மின்சாரத்தின் மைனஸையும் போர்டின் கிரவுண்டையும் ஒன்றாக இணைக்க வேண்டும். இந்த ஒரு கம்பியை விட்டுவிட்டு நாள் முழுவதும் தேடுபவர்கள் பலர். மாஸ்ஃபெட்டின் கேட்டிலிருந்து (சிக்னல் வாங்கும் கால்) கிரவுண்டுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால், போர்டு தொடங்கும் நொடியில் பம்ப் தானாக ஓடாது.

பம்பின் இரு முனைக்கும் குறுக்கே 1என்4007 போன்ற ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) வையுங்கள். அதன் வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். மோட்டார் நிற்கும் கணத்தில் எழும் மின்னழுத்தத்தை அது தாங்கிக்கொள்ளும். மாற்றி வைத்தால் ஷார்ட் ஆகிவிடும், இரண்டு முறை பார்த்துவிட்டு இணையுங்கள்.

9 வோல்ட் சதுர பேட்டரி இந்த வேலைக்கு ஆகாது. அதில் சேமிப்பும் குறைவு, பம்ப் கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுக்கும் வலுவும் இல்லை.

ரிலே 'டிக்' என்கிறது, பம்ப் ஓடவில்லை. இன்னொருவருக்கு நேர்மாறு: நிற்க வேண்டிய நேரத்தில் ஓடுகிறது.

ரிலேயின் திருகு முனைகள் மூன்று: காம் (பொது முனை), என்ஓ (ஓய்வில் திறந்திருப்பது), என்சி (ஓய்வில் மூடியிருப்பது). பம்பின் பாதையைக் காமுக்கும் என்ஓவுக்கும் இடையே விட வேண்டும். என்சியில் மாட்டினால் ரிலே ஓய்வில் இருக்கும்போது பம்ப் ஓடும். சத்தம் வந்தும் பம்ப் அசையவில்லை என்றால் அந்த முனைகளின் வழியே பம்பின் மின்சாரம் போகிறதா பாருங்கள். ரிலே ஒரு சுவிட்ச் மட்டுமே, அது தானாக மின்சாரம் தராது.

முனை சரியாக இருந்தும் தலைகீழாக நடந்தால், உங்கள் ரிலே தாழ்நிலையில் இயங்கும் வகை. பல ரிலே போர்டுகள் அப்படித்தான். பின்னைத் தாழ்த்தினால் ஓடும், உயர்த்தினால் நிற்கும். நிரலில் இரண்டையும் மாற்றுங்கள். பின்னை வெளியீடாக அறிவிக்கும் வரிக்கு முன்பே அதை உயர்நிலையில் வைக்கும் வரியை எழுதினால், தொடங்கும்போது ஒரு கணம் நீர் பாய்வதும் நிற்கும்.

பம்ப் நின்றுவிட்டது. நீர் மட்டும் நிற்கவில்லை!

சர்க்யூட்டில் தேடாதீர்கள், அது சரியாகவே இருக்கிறது. பம்ப் நீர் எடுக்கும் நீர்த்தொட்டியின் நீர்மட்டம் குழாயின் வெளிமுனையைவிட உயரத்தில் இருந்தால், ஒருமுறை ஓடத் தொடங்கிய நீர் பம்ப் இல்லாமலேயே ஓடிக்கொண்டிருக்கும். நீர்த்தொட்டியைக் கீழே இறக்கி வையுங்கள். முடியாவிட்டால், குழாய் நீர்த்தொட்டிக்குள் இருக்கும் பகுதியில், நீர்மட்டத்துக்கு மேலே ஊசியால் ஒரு துளை போடுங்கள். பம்ப் ஓடும்போது கொஞ்சம் நீர் அந்தத் துளைவழியே நீர்த்தொட்டிக்குள்ளேயே சிந்தும். நின்றதும் அதே வழியாகக் காற்று புகுந்து ஓட்டத்தை அறுத்துவிடும்.

பம்ப் உறுமுகிறது, நீர் வரவில்லை.

உள்ளே காற்று மாட்டியிருக்கலாம். நீருக்குள் வைத்துக் குலுக்கிக் குமிழியை வெளியேற்றுங்கள். வாய் அடைத்திருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். நீர் இல்லாமல் ஓடவிட்டால் இந்தப் பம்புகள் விரைவில் கெட்டுவிடும்.

சோதனையில் சரியாக இருந்த நிரல், ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னால் திரும்பி வரவே மாட்டேன் என்கிறது.

காத்திருக்கும் நேரத்தை 60 பெருக்கல் 1000 என்று எழுதியிருக்கிறீர்களா? ஊனோவில் சாதாரண முழு எண் 16 பிட் கொண்டது. அதில் 32,767 வரைதான் அடங்கும். 60,000 அடங்காமல் சுற்றிக்கொண்டு மைனஸ் எண்ணாகிவிடும். காத்திருக்கும் கட்டளைக்கோ மைனஸ் என்பதே தெரியாது. அதை மிகப் பெரிய பிளஸ் எண்ணாக எடுத்துக்கொண்டு ஏறக்குறைய 50 நாள் காத்திருக்கும். பெருக்கலில் முதல் எண்ணை அன்சைன்டு லாங் (மைனஸ் இல்லாத, 32 பிட் எண்) வகையாக அறிவித்தால் சரியாகிவிடும்.

நேரக் கணக்கை மில்லிஸ் (போர்டு தொடங்கியதிலிருந்து ஓடிய மில்லிநொடிகளைத் தரும் கட்டளை) கொண்டு வைத்திருந்தால், அதைச் சேமிக்கும் மாறியும் அதே வகையில் இருக்க வேண்டும். அந்தக் கடிகாரம் ஏறக்குறைய 50 நாளுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். "இப்போதைய நேரம் கழித்தல் கடைசி நேரம்" என்று கழித்து ஒப்பிட்டால் அந்தத் திருப்பமும் பாதிக்காது.

பவர் பேங்கில் இணைத்தால் சிறிது நேரத்தில் அணைந்துவிடுகிறதே?

இந்த போர்டு எடுப்பது மிகக் குறைந்த மின்னோட்டம். எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதிப் பவர் பேங்க் தானே அணைந்துவிடும். அடாப்டருக்கு மாறுங்கள்.

விதை போட்டுப் பல நாள் ஆகிவிட்டது. எப்போது வரும்?

விதையைப் பொறுத்தது. பச்சைப்பயறு ஈரத்தில் ஓரிரு நாளில் வேர்முனை காட்டும். கடுகும் வெந்தயமும் இரண்டு முதல் ஐந்து நாள். தக்காளி ஐந்து முதல் பத்து. கொத்தமல்லி ஒன்று முதல் இரண்டு வாரம். மிளகாய் எட்டு நாளிலும் வரும், இருபது நாளும் எடுக்கும். மிளகாய்க்கும் தக்காளிக்கும் மண் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. 15-க்குக் கீழே போனால் அவை உறங்கியே கிடக்கும். லெட்யூஸ் கீரை போன்றவை எதிர்த்திசை, 30 டிகிரியைத் தாண்டினால் முளைக்கத் தயங்கும்.

ஆழமும் பார்க்க வேண்டும். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். பொடி விதைகளை மேலே தூவி லேசாக அழுத்தினாலே சரி.

முதல்முறை இந்தத் திட்டத்தில் இறங்குபவர்கள் மிளகாயில் தொடங்க வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. கடுகு, வெந்தயம், பயறு ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். வேகமாக முளைப்பதால் தவறு எதுவானாலும் அதே வாரத்தில் தெரியும், திருத்திக்கொண்டு மறுபடி விதைக்கவும் மனம் இருக்கும்.

விதை கெட்டதா, அமைப்பு கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதே பொட்டலத்திலிருந்து பத்து விதைகளை எடுங்கள். ஈரமான காகிதத்துண்டில் பரப்பி, மடித்து, மூடியுள்ள டப்பாவில் வைத்து, அறையின் இதமான மூலையில் விடுங்கள். காகிதம் ஈரமாக இருக்க வேண்டும், நீரில் மிதக்கக் கூடாது. உரிய நாளில் எட்டு, ஒன்பது முளைத்தால் விதை நல்லது, கோளாறு தொட்டியில். இரண்டு மூன்றுதான் வந்தால் விதை பழையது. வெங்காய விதை ஓராண்டு தாண்டினாலே முளைப்புத்திறன் குன்றத் தொடங்கும். தக்காளி விதை நன்றாகக் காக்கப்பட்டால் நான்கு ஆண்டுகூடத் தாங்கும்.

இந்தச் சோதனையைத் தொட்டியில் விதைக்கும் அன்றே தொடங்கிவிடுங்கள். பிறகு மண்ணைத் தோண்டிப் பார்க்கும் ஆசை எழாது. தோண்டினால் அறுவது பெரும்பாலும் அப்போதுதான் வந்த வேர்முனை.

சென்சார் 'ஈரம் போதும்' என்கிறது. ஆனால் விதைகள் காய்ந்து கிடந்தன. இது எப்படி?

இரண்டுமே உண்மை. சென்சாரின் அளக்கும் பகுதி ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழம்வரை இறங்கியிருக்கிறது. உங்கள் விதை மேலே அரை சென்டிமீட்டரில் இருக்கிறது. மண் மேலிருந்துதான் காயும். அடியில் ஈரம் இருக்கும்வரை பம்ப் ஓடாது, அதற்குள் மேல்மண் வறண்டு, நீர் குடித்து முளைவிடத் தொடங்கிய விதை செத்துவிடும். முளைவிடத் தொடங்கிய விதை ஒருமுறை முழுதாகக் காய்ந்தால் மறுபடி எழுவது அரிது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மேல்மண்ணை நனைக்கவென்று வரம்பு எண்ணை மாற்றினால் அடிமண் சேறாகிக் காற்று இல்லாமல் போகும். விதைக்கு நீரைப்போலவே ஆக்சிஜனும் வேண்டும்.

ஆகவே, முளைக்கும் காலத்துக்கு இந்த அமைப்பு ஏற்றதல்ல. அந்தச் சில நாட்களுக்குத் தொட்டியின் வாயைக் கண்ணாடித்தாளால் மூடி, தெளிப்பானால் கையால் நீர் தெளியுங்கள். சென்சார் எண்ணை மட்டும் எழுதட்டும். முதல் இரண்டு இலைகள் விரிந்து வேர் கீழே இறங்கியபின் மூடியை எடுத்துவிட்டுப் பம்பை இணையுங்கள். அப்போதுதான் சென்சார் அளக்கும் ஆழமும் செடி குடிக்கும் ஆழமும் ஒன்றாகும். சென்சாரையும் விதைக்கும் முன்பே செருகிவிடுங்கள். பின்னால் செருகினால் வேரை வெட்டும்.

முளையைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சுபோல் இருக்கிறது. பூஞ்சணமா?

வேர்முனையை ஒட்டி, சுற்றிலும் ஒரே சீராக, குட்டையாக இருந்தால் அவை வேர்த்தூவிகள். நீர் தெளித்தால் வேரோடு ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். மகிழ்ச்சியடையுங்கள். விதைத்தோலிலோ மண்மேலோ ஒழுங்கற்றுப் படர்ந்து, நூலாம்படைபோல இழுபட்டால்தான் பூஞ்சணம். அப்படியானால் மூடியைத் திறந்து காற்றோட்டம் கொடுத்து நீரைக் குறையுங்கள்.

நாற்றுகள் நூல்போல நீண்டு சாய்கின்றன. எல்இடி விளக்கு வைத்திருக்கிறேனே?

எந்த எல்இடி? பெட்டியோடு வந்த 5 மில்லிமீட்டர் எல்இடி 20 மில்லிஆம்பியரில் எரிந்தாலும் ஒன்றின் திறன் 0.04 முதல் 0.07 வாட்தான். நிலையைக் காட்ட அது போதும். செடி வளர்க்கப் பத்தைச் சேர்த்தாலும் போதாது. வெளிச்சம் தேடித்தான் தண்டு நீள்கிறது.

வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள், அல்லது பல வாட் திறனுள்ள வெள்ளை எல்இடி விளக்கை நாற்றுக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். இலை சுருண்டாலோ வெளுத்தாலோ சற்று உயர்த்துங்கள். இரவு முழுக்க எரிக்க வேண்டியதில்லை.

வீட்டு மின்சாரத்தில் எரியும் விளக்கை ரிலே போர்டில் இணைக்க வேண்டாம். நீரும் ஈரமும் உள்ள இடத்தில், திறந்த திருகு முனைகளில் அந்த மின்சாரத்தை ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. விளக்குக்குக் கடையில் கிடைக்கும் டைமர் பிளக் போதும்.

நேற்று நன்றாக நின்ற நாற்று இன்று மண்ணோரம் இற்று விழுந்துவிட்டது.

இது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிரிகள் ஈரமும் தேக்கமும் உள்ள மண்ணில் தண்டின் அடியைத் தாக்கும். விழுந்ததை மீட்க முடியாது. மற்றவற்றைக் காக்க, விழுந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துவிடுங்கள், பம்பை நிறுத்துங்கள், மேல்மண் காயட்டும், மெல்லிய காற்று படட்டும். அடுத்தமுறை புதிய, சுத்தமான கலவையில் இடைவெளி விட்டு விதையுங்கள். தானியங்கி நீர்ப்பாய்ச்சலில் இது அடிக்கடி வருவதற்குக் காரணம், பம்ப் ஒருமுறை ஓடியபின் நீர் பரவக் காத்திருக்காமல் மறுபடி அளப்பதுதான். நீர் சென்சாரை எட்டுவதற்குள் பம்ப் திரும்பத் திரும்ப ஓடும். மூன்று நொடி ஊற்றினால் பத்து நிமிடம் காத்திருந்து அளக்குமாறு நிரலை எழுதுங்கள்.

விதைத்தோல் இலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

இழுக்காதீர்கள். நீரைத் தெளித்து ஊறவிட்டால் அடுத்த நாளில் தானே கழன்றுவிடும்.

மண்மேல் பச்சையாகப் படர்கிறது, சின்ன ஈக்கள் பறக்கின்றன.

பச்சை பாசி, ஈக்கள் மண்ணில் முட்டையிடும் பூஞ்சைக் கொசுக்கள். இரண்டும் சொல்லும் சேதி ஒன்று: மேல்மண் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. நீர் ஊற்றும் இடைவெளியைக் கூட்டுங்கள், மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்று வையுங்கள்.

இலை மஞ்சளாகிறது. உரம் போடலாமா?

மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் முதல் சந்தேகம் நீர் மிகுதிமேல்தான். முதலில் வரும் வித்திலைகள் நாளடைவில் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. வெறும் தென்னை நார்த்தூளில் வளர்க்கிறீர்கள் என்றால் அதில் சத்து மிகக் குறைவு. வித்திலைகளுக்குப் பிறகு வரும் உண்மை இலைகள் இரண்டு வந்தபின், சொல்லப்பட்ட அளவில் கால் பங்கு உரம் கரைத்துக் கொடுக்கலாம்.

சில நாள் வெளியூர் போக வேண்டும். இதை நம்பி விட்டுப் போகலாமா?

சென்சார் பழுதானால் என்ன ஆகும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பி கழன்றால் பல சென்சார்களில் 'வறட்சி' என்ற எண்ணே வரும், பம்ப் நிற்காமல் ஓடும். நிரலில் இரண்டு தடைகளை எழுதுங்கள். ஒன்று, ஒரு நாளில் பம்ப் மொத்தமாக இத்தனை நொடிக்கு மேல் ஓடக் கூடாது. மற்றொன்று, வழக்கமான எல்லைக்கு வெளியே எண் வந்தால் பம்பைத் தொடவே கூடாது.

நிரலையும் முழுக்க நம்ப வேண்டாம். நீர்த்தொட்டியில் போகும் நாட்களுக்கு வேண்டிய அளவு மட்டும் நிரப்புங்கள். செடித் தொட்டிக்கு அடித்துளையும், கீழே அந்த நீர் முழுவதையும் தாங்கும் தட்டும் இருக்கட்டும். போர்டையும் அடாப்டரையும் நீர்மட்டத்தைவிட உயரத்தில் வைத்து, கம்பிகள் போர்டை எட்டும் முன் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விடுங்கள். கம்பிவழி வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் முழுவதும், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, கைவைக்காமல் ஓடவிட்டுப் பாருங்கள். அந்த வாரத்தில் ஒருமுறையாவது குறுக்கிட வேண்டி வந்தால், இந்தமுறை நீர் ஊற்ற அண்டைவீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.